தட்டு காட்டுகிறவன்

ஏழாம் டேபிளா? இல்ல சார், சும்மா கேட்டேன். உக்காருங்க. ஃபேன் அதுக்கு நேராத்தான் இருக்கு. மணி மூணே முக்கால் ஆச்சு, இனிமே கூட்டம் வராது. சோறு சூடாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.

இலையைத் தொடைச்சுக்கிடுங்க. இசக்கிமுத்து இப்பச் சோறு கொண்டு வருவான். அதுக்கு முன்னால தட்டைப் பாருங்க. இது கடைசித் தட்டு, பாதி காலி. பன்னெண்டு மணிக்கு வந்திருந்தா அசந்து போயிருப்பீங்க. இது நண்டு. இது கணவாய். இது சீலா மீன், உங்க ஊர்ல வஞ்சிரம்பீங்க. நெத்திலி. ஈரல். குடல். காடை ஒண்ணே ஒண்ணு இருக்கு. உங்களுக்கு ஈரல்தான் சார். நான் ஆளைப் பாத்ததும் சொல்லிருவேன். மருந்துக் கம்பெனியில இருக்கீங்க, ஊர் ஊரா அலைச்சல், உடம்புல ரத்தம் இல்ல, ஈரல் கேப்பீங்க. என்னது, இன்சூரன்ஸா? சரி, அதுவும் அலைச்சல்தான். ஈரல் வேண்டாமா? ஒண்ணுமே வேண்டாமா?

சரி, வேண்டாம்னா வேண்டாம். வற்புறுத்த மாட்டேன். முன்னால வற்புறுத்துவேன், இப்ப விட்டுட்டேன்.

என் பேரு வேலாயுதம். தூத்துக்குடியில மெஸ்ஸுல சாப்பிடுத எவன்கிட்ட வேணும்னாலும் 'தட்டு வேலாயுதம்'னு கேட்டுப் பாருங்க. இருபத்தாறு வருஷமா இங்கன தட்டுதான் தூக்குதேன். சோறு போட மாட்டேன், குழம்பு ஊத்த மாட்டேன், டேபிள் தொடைக்க மாட்டேன். தட்டைக் காட்டுறது மட்டும்தான் என் வேலை. சின்ன வேலைன்னு நினைச்சிராதீங்க. இலையில சோறு விழுந்து குழம்பு வாரதுக்கு முன்னால ஒரு அரை நிமிஷம் இருக்குல்லா, அந்த அரை நிமிஷம் மனுஷனுக்கு எதைப் பாத்தாலும் வேணும்னு தோணும். அப்ப நான் அங்கன நிக்கணும். குழம்பு விழுந்துட்டா அப்புறம் அவன் என்னையப் பாக்க மாட்டான்.

தட்டு அடுக்குறதுல ஒரு கணக்கு இருக்கு. வறுவல் முன்னால, கிரேவி பின்னால. மீனைப் படுக்கப் போடக் கூடாது, வெங்காயத்து மேல சாய்ச்சு நிக்க வைக்கணும். நண்டுக் காலு மேல பாத்து நிக்கணும். ஈரல் கருப்பா இருக்கும், அதனால பக்கத்துல எலுமிச்சம்பழத் துண்டு. எல்லாத்து மேலயும் பொரிச்ச கறிவேப்பிலை. ஆனா முக்கியமானது என்ன தெரியுமா, ஒரு கிண்ணம் வைக்கிற இடத்தைக் காலியா விடணும். அந்தக் காலி இடத்தைப் பாத்ததும், எவனோ முந்திக்கிட்டான், என்னத்தை எடுத்தானோன்னு ஒரு பதட்டம் வரும் பாருங்க. உடனே கை நீளும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரல, நானாக் கண்டுபிடிச்சது. வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் நண்டைத் திருப்ப மாட்டேன். பொண்ணு பாக்க வந்த கூட்டத்துக்குத் தலைக்கறியைக் காட்ட மாட்டேன். எங்க முதலாளி ஞானதுரை அண்ணாச்சியே சொல்லுவாரு, 'வேலாயுதம் தட்டை எறக்கினா எவனும் தப்பிக்க முடியாது'ன்னு.

சோறு வந்துட்டு. பிசைங்க சார். நான் நிக்கது தொந்தரவில்லையே?

வீடா? வீடு இருக்கு. வீட்டுக்காரி கோவில்பட்டியில அவ அண்ணன் வீட்டுல இருக்கா, எட்டு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கா. எனக்கு என்ன குறை? தினம் முந்நூறு பேரு சாப்பிடுத இடத்துல நிக்கேன். மனுஷ முகத்துக்குப் பஞ்சமே இல்ல.

இந்த ஏழாம் டேபிள் கதையைச் சொல்லுதேன், கேளுங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு பத்து நாள் இருக்கும். ஒரு பெரியவரு வந்தாரு. எழுபது வயசு, ஒல்லி, கழுத்துல எப்பவும் ஒரு துண்டு. பன்னெண்டு நாப்பதுக்கு வந்து, நீங்க உக்காந்திருக்க அதே இடத்துல உக்காந்தாரு. நான் தட்டை எறக்கினேன். 'இன்னும் கொஞ்சம் கீழ'ன்னாரு. எறக்கினேன். 'என்னென்னன்னு சொல்லு தம்பி.' எனக்கு அம்பத்திரண்டு வயசு, என்னையத் தம்பிங்காரு. சரி, மரியாதைதான்னு பதிமூணு அயிட்டத்தையும் சொன்னேன். ஒவ்வொண்ணா, நிதானமா, கிண்ணம் கிண்ணமாப் பாத்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, இடது கையை இலைக்கு மேல விரிச்சு மறைச்சு, 'ஒண்ணும் வேண்டாம் தம்பி'ன்னாரு.

பொறவு ரெண்டு அகப்பை சோறு, குழைய ரசம், மோரு. அதையும் பிசைஞ்சு பிசைஞ்சு கஞ்சியாக்கி, அரை மணி நேரம் உக்காந்து குடிச்சுட்டுப் போனாரு.

மறுநாளும் வந்தாரு. அதே நேரம், அதே இடம், 'இன்னும் கீழ', 'சொல்லு தம்பி', 'ஒண்ணும் வேண்டாம்.' அதுக்கு மறுநாளும் அப்படித்தான். வாங்காதவன் ஆயிரம் பேரு இருக்கான் சார், அவன்லாம் தட்டைப் பாக்கையிலேயே மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். இவரு முழுக்கப் பாத்துட்டு, முழுக்கச் சொல்லச் சொல்லிட்டு வேண்டாங்காரு. இது என்ன, பொருட்காட்சியா? ஒரு மாசம் ஆச்சு. இசக்கிமுத்து கேலி பண்ணுதான், 'என்ன அண்ணாச்சி, ஏழாம் டேபிள்ல உங்க பருப்பு வேகலையே'ன்னு. எனக்கு ரோசம் வந்துட்டு. இந்த ஆளு ஒரு நாளாவது ஒரு கிண்ணம் வாங்காம நான் விடப் போறதில்லன்னு முடிவு பண்ணினேன்.

அதுக்கப்புறம் நான் அடுக்கின தட்டை நீங்க பாத்திருக்கணும். நெத்திலியை வட்டமா, தலை எல்லாம் நடுவுல சேர, சூரியகாந்திப் பூ மாதிரி வெச்சேன். இறாலைக் கிண்ணத்து விளிம்புல வால் வெளிய தெரிய வரிசையாத் தொங்கவிட்டேன். சீலா மீன் துண்டை ஒண்ணு மேல ஒண்ணாப் படி படியா அடுக்கி, உச்சியில ஒரு நண்டை ஏத்தி உக்கார வெச்சேன். ஹாலே திரும்பிப் பாத்துச்சு. மத்த டேபிள்ல எல்லாம் பன்னெண்டரைக்கே தட்டு காலியாகி ரெண்டாம் தட்டு அடுக்கினேன். முதலாளி அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா இவரு பாக்காரு, சிரிக்காரு, 'நேத்து இறால் இந்தப் பக்கம்லா இருந்துச்சு'ங்காரு, கையை விரிச்சு இலையை மறைக்காரு.

இருபத்தாறு வருஷத்துல இறால் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொன்ன ஆளு அவரு ஒருத்தருதான். அதை நான் அப்ப பெருசா எடுத்துக்கிடல. சும்மா கண்ணு பட்டிருக்கும்னு விட்டுட்டேன். ஆனா காலையில அடுக்கும்போது, பன்னெண்டு நாப்பதுக்கு அவரு என்ன சொல்லுவாருன்னு ஒரு நினைப்பு ஓடும். அது தொழில் சம்பந்தப்பட்டது, வேற ஒண்ணும் இல்ல.

பங்குனி மாசம் ஒரு சனிக்கிழமை. ஹால் நிறைஞ்சு, ஆளு வாசல் வரைக்கும் நிக்கான். எல்லாரும் பாக்குதாங்க. நான் தட்டை எறக்கிப் பதிமூணையும் சொன்னேன். அவரு கையை விரிக்கப் போனாரு, அந்நேரம் பக்கத்துல ஒரு பிள்ளை தண்ணித் தம்ளரைத் தட்டிவிட்டுது. இவரு அதைப் பிடிக்கக் கையை எடுத்தாரு. இலை திறந்து கிடக்கு. நான் விடுவேனா? இருந்ததுலயே பெரிய சீலாத் துண்டைத் தூக்கி இலையில வெச்சுட்டேன். 'இது என் கணக்குல, சாப்பிடுங்க அண்ணாச்சி'ன்னு சத்தமாச் சொன்னேன். இசக்கிமுத்து கை தட்டுதான்.

இலையில விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாதுல்லா. அவரு அந்தத் துண்டைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. நான் சிரிச்சுக்கிட்டு நிக்கேன். ஓரத்துல நகத்தளவு பிச்சு வாயில வெச்சாரு. மெல்லுதாரு, மெல்லுதாரு, மெல்லிக்கிட்டே இருக்காரு. தண்ணி குடிச்சாரு. இருமல் வந்துச்சு. அது சாதாரண இருமல் இல்ல சார், கண்ணுல தண்ணி ஓடி, கழுத்துத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. மீனோட இலையை மடிச்சாரு, எழுந்திரிச்சுப் போயிட்டாரு.

எனக்கு என்ன கோவம் தெரியுமா? அத்தனை பேரு முன்னால, நான் குடுத்ததை இலையில வெச்சு மூடிட்டுப் போறதுன்னா என்ன அர்த்தம்? திமிர்தான, நீங்களே சொல்லுங்க. சரி, போனாப் போறாருன்னு விட்டுட்டேன்.

இந்தாங்க, ரசம். ஊத்திக்கிடுங்க.

மறுநாள் அவரு வரல. அதுக்கு மறுநாளும் வரல. நான் கவலைப்படல, முந்நூறு பேருல ஒருத்தரு குறைஞ்சா என்ன? ஆனா பன்னெண்டு நாப்பதுக்கு ஏழாம் டேபிள்ல வேற ஆளை உக்கார வெச்சா எனக்கு எரிச்சலா வரும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுன்னு ஒருதரம் சொல்லியிருந்தாரு. ஒரு வேலையா அந்தப் பக்கம் போயிருந்தேன், அந்தத் தெருவைச் சும்மா ஒரு நடை பாத்தேன். பொறவு வேற ஒரு வேலையா இன்னும் மூணு தடவை போனேன். யாருகிட்டயும் கேக்கல. என்னன்னு கேக்க, பேரு கூடத் தெரியாதே.

சித்திரை பொறந்த பிறகு ஒரு அம்மா தூக்குவாளியோட வந்து நின்னா. 'ரசம் மட்டும் கிடைக்குமா?'ன்னா. குடுக்கச் சொன்னேன். அவ என் கையில இருந்த தட்டையே பாத்துக்கிட்டு, 'தட்டு கொண்டு வாரவரு நீங்கதானா?'ன்னு கேட்டா. 'எங்க அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாள் இல்ல.'

அவ பேரு தமயந்தி. அவரு பேரு ஆறுமுகநயினார். துறைமுகத்துல எடை மேடைக் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். புத்துநோய்க்கு வைப்பாங்கல்லா கரண்டு, ரேடியேஷன்னு, அது முப்பத்தஞ்சு நாள் வெச்சிருக்காங்க. அதுல எச்சில் ஊறுத இடமெல்லாம் வத்திப் போச்சாம். கட்டியா எதுவும் இறங்காது. நாக்குல ருசியும் செத்துப் போச்சு, உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. அவரு மனசு கஷ்டப்படும்னு வீட்டுல அவரு கண்ணுல படாமத்தான் சமைக்காங்க. அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுதாங்க. மீன் வாங்கினாப் பையைச் சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டு போவாங்களாம்.

'அப்பா ரசம் குடிக்கத்தான் இங்க வாராருன்னு நினைச்சோம்'ன்னா. 'வீட்டுக்கு வந்து, இன்னைக்கு நண்டைக் கோபுரத்து மேல ஏத்திட்டான், நெத்திலியைப் பூவாக்கிட்டான்னு ஒரு மணி நேரம் சொல்லுவாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு அவ்வளவு பேசினதே இல்ல.'

நான் கேட்டேன், 'பொறவு ஏம்மா வாரதை நிப்பாட்டிட்டாரு?'

'அந்தத் தம்பி ஆசையா வெச்ச மீனைத் திங்க முடியாம மூடிட்டு வந்துட்டேன், அவன் மூஞ்சி வாடிப் போச்சு, இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறதுங்காரு'ன்னா.

சார், எனக்கு அழுகை வந்துட்டு. தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அழ முடியாது, கண்ணீர் ஈரல் மேல விழுந்துரும். உள்ள போயி வெச்சுட்டு வந்து அழுதேன்.

தமயந்திகிட்ட வீட்டு அடையாளம் கேட்டு வெச்சுக்கிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானப் பந்தி முடிஞ்சதும் முதலாளி அண்ணாச்சிகிட்ட, தட்டை வெளிய கொண்டு போறேன்னு சொன்னேன். இருபத்தாறு வருஷத்துல தட்டு வாசப்படி தாண்டினதில்ல. அவரு மூஞ்சியைப் பாத்தா வேண்டாம்னு சொல்லுத மாதிரி இருந்துச்சு, சொல்லுததுக்குள்ள கிளம்பிட்டேன். அன்னைக்கு அடுக்கினதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல தட்டு. வாழை இலையைப் போட்டு மூடி, மடியில வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போனேன். ஆட்டோவுல இருந்த அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்தான்.

வீட்டுல நாற்காலியில உக்காந்திருந்தாரு. இன்னும் மெலிஞ்சிருந்தாரு. என்னையப் பாத்ததும் எழுந்திரிக்கப் போனாரு, நான் விடல. முன்னால ஒரு ஸ்டூலைப் போட்டுத் தட்டை வெச்சு, இலையை எடுத்தேன். அவரு முகத்தை அன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க. 'சொல்லு தம்பி'ன்னாரு. பதிமூணையும் சொன்னேன். கதவுகிட்ட தமயந்தியும் அவ மாப்பிள்ளையும் நின்னு பாக்காங்க. சொல்லி முடிச்சுட்டு, வேண்டாம்பாருன்னு நிக்கேன்.

'நெத்திலி வை'ன்னாரு.

நான் தமயந்தியைப் பாத்தேன். அவ பதறிப் போயி, 'அப்பா, வேண்டாம்ப்பா'ங்கா. அவரு அதைக் காதுல வாங்கல. ஒரு இலை கொண்டு வரச் சொன்னாரு, தரையில போடச் சொன்னாரு. நெத்திலியை வெச்சேன். 'நீ உக்காரு'ன்னாரு.

'நானா?'

'நீதான். உக்காந்து தின்னு. நான் பாக்கேன்.'

உக்காந்தேன். உக்காந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. இங்கன நாலரைக்கு அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே சாப்பிடுவோம், சோறும் மிச்சக் குழம்பும். தட்டுல இருக்கதை நாங்க தொடக் கூடாது, அது ராத்திரிக் கடைக்குப் போயிரும். சத்தியமாச் சொல்லுதேன் சார், இருபத்தாறு வருஷமா இந்த நெத்திலியைத் தூக்கியிருக்கேன், இங்க பொரிச்ச நெத்திலி ஒண்ணு என் வாயில பட்டதில்ல. 'சூப்பரா இருக்கும் சார், இன்னைக்கு நெத்திலி'ன்னு ஆயிரமாயிரம் பேருகிட்டச் சொல்லியிருக்கேன்.

ஒண்ணை எடுத்து வாயில போட்டேன். அவரு முன்னால குனிஞ்சாரு. 'எப்படி இருக்கு?'

'சூப்பரா இருக்கு அண்ணாச்சி.'

'அது தட்டுக்குச் சொல்லுறது. வாயில இருக்கதைச் சொல்லு.'

'மொறுமொறுன்னு...'

'அது எனக்குப் பாத்தாலே தெரியுது. உப்பு எங்கன தெரியுது, நுனியிலயா ஓரத்துலயா? காரம் உடனே வருதா, பொறவு வருதா? சொல்லு தம்பி.'

பதிமூணு அயிட்டத்தை மூச்சு விடாம ஒப்பிக்குதவன், ஒரு நெத்திலிக்கு ஒரு வார்த்தை கிடைக்காம முழிக்கேன். இன்னொண்ணு தின்னேன். இன்னொண்ணு தின்னேன். அவரு என் வாயையே பாக்காரு, குழந்தை பாக்குத மாதிரி. 'உறைப்பா இருக்கு'ன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு. அவரு சிரிச்சாரு, கோவிக்கல. 'சரி, அடுத்த ஞாயிறு வா. அதுக்குள்ள தின்னு பாத்துப் படிச்சுட்டு வா'ன்னாரு.

அந்த வாரம் முழுக்கப் படிச்சேன் சார். மத்தியானம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிண்ணம். அண்ணாச்சிகிட்ட சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்கன்னுட்டேன். இந்த டேபிள்லதான் உக்காருவேன். கண்ணை மூடி மெல்லுவேன். இசக்கிமுத்து, 'வேலாயுதத்துக்குக் கோட்டி பிடிச்சுட்டு, பைத்தியமாத் திரியுதான்'னு ஊரெல்லாம் சொல்லிட்டான். சொல்லட்டும்.

ஞாயித்துக்கிழமை தட்டோட போனேன். வீடு பூட்டியிருந்துச்சு. வெள்ளிக்கிழமை மூச்சுத் திணறிப் போயி, மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்களாம். பொறவு அங்கிருந்து மூத்த மகன் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன், பெங்களூரோ ஓசூரோ. எதிர்த்த வீட்டுல கேட்டேன், அவங்க குடிவந்தே ஒரு மாசம்தான் ஆச்சாம். போன் நம்பரு நான் வாங்கி வைக்கல. தோணல, பாத்துக்கிடுங்க. அடுத்த ஞாயிறு இருக்கேன்னுதான் நினைச்சேன்.

இப்ப ஆவணி. வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கு. இருக்காரா இல்லையான்னு கூடத் தெரியாது. நான் பன்னெண்டு நாப்பதுக்கு இந்த டேபிளுக்குத் தட்டை எறக்கத்தான் செய்யுதேன். உக்காந்திருக்கவன் போனைப் பாத்துக்கிட்டே 'வேண்டாம்'பான். அந்த வேண்டாம் வேற மாதிரி இருக்கு.

ஆனா படிச்சுட்டேன் சார். பதிமூணும் படிச்சாச்சு. நெத்திலி இருக்குல்லா, மொதல் கடியில ருசியே தெரியாது, சத்தம்தான். ரெண்டாவது கடியில உப்பு, நாக்கோட ஓரத்துல. காரம் அப்ப வராது. முழுங்கினதுக்கு அப்புறம், நாம மறந்திருக்கையில, காதுக்குக் கீழ ஒரு சூடு ஏறும். தலையோட தின்னா லேசா ஒரு கசப்பு இருக்கும், அந்தக் கசப்பு போறதுக்குத்தான் கை அடுத்ததை எடுக்கு. கணவாய் அப்படியில்ல. கணவாய் மொதல்ல இனிக்கும், யாரும் நம்ப மாட்டாங்க. ஈரல் வாயில மாவாக் கரையும், கரைஞ்ச பிறகு மிளகு மட்டும் தனியா நிக்கும்.

மோரு ஊத்திக்கிடுங்க சார். ஏன் அவசரம்? மத்தியானக் கடை அஞ்சு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும். இலையை மூடாதீங்க, நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம். நான் இந்தா, எதிர்த்தாப்புல உக்காருதேன், ஒரு நெத்திலியை எடுத்து வாயில போடுதேன். நீங்க ஒண்ணு மட்டும் செஞ்சாப் போதும்.

எப்படி இருக்குன்னு கேளுங்க சார். ஒரு தடவை. கேளுங்க.